கொரோனா வந்து போன பிறகு அம்மாவின் வாய் அவிந்து கிடக்கிறது. திருகோணமலையில் வேறு யாருக்காவது இப்படி?

உவர்மலை மகள்
29 ஓகஸ்ட் 2021, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஊரடங்கில் எங்கும் போக முடியவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

அம்மாவுக்கு 61 வயது. பத்து வருடமாகச் சீனி வருத்தம். இந்த மாதம் 11ஆம் திகதி அன்டிஜன் பார்த்ததில் பொசிட்டிவ். 14ஆம் திகதி ஒட்சிசன் குறைந்ததால் வாட்டில் அனுமதித்தார்கள். ஒட்சிசனும் ஸ்டீரொய்ட் மருந்தும் கொடுத்தார்கள். 20ஆம் திகதி வீட்டுக்கு வந்துவிட்டார். இருமல் குறைந்துவிட்டது, எழுந்து நடக்கிறார். அந்த மட்டில் கடவுளுக்கு நன்றி.

ஆனால் சாப்பிட முடியவில்லை. இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்துக் கொடுத்தாலும் "எரியுது பிள்ளை" என்று தள்ளிவைக்கிறார். பச்சைத் தண்ணீர்கூட எரிகிறதாம். ருசியும் தெரியவில்லை. நேற்று டோர்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கு முழுவதும் தயிர் ஆடை போல வெள்ளையாகப் படிந்திருக்கிறது. ஈரத் துணியால் மெல்லத் துடைத்தால் கொஞ்சம் வருகிறது, வந்த இடம் சிவந்து போய் இருக்கிறது. ஒரு பார்மசியில் சொன்னேன். வாயைப் பார்க்காமலே அன்டிபயோட்டிக் ஐந்து நாளைக்குக் கொடுத்தார்கள். இன்று நான்காவது நாள், இன்னும் கூடித்தான் இருக்கிறது.

"கொரோனா நாக்கு" என்று முகநூலில் ஒரு படம் சுற்றுகிறதே, இது அதுதானா? தானாகவே மாறுமா?


பாலையூற்றான்
29 ஓகஸ்ட், இரவு 10.15

தங்கச்சி, பயப்படாதீர்கள். எனக்கும் மே மாதம் வந்தது. பன்னிரண்டு நாள் ருசி இல்லை, வாய் காய்ந்து ஒட்டியது, கீழ் உதட்டின் உள்ளே மூன்று புண். எல்லாம் தானாகப் போய்விட்டது. அம்மாவுக்குத் தேன் தடவிப் பாருங்கள். கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள்.


சாம்பல்தீவு அக்கா
29 ஓகஸ்ட், இரவு 10.32

எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு வந்தது, நான்கு பேருக்கும் வாயில் நான்கு விதம். எனக்கு ருசி போனது. இவருக்கு நாக்கின் நுனியில் சின்னச் சின்னச் சிவப்புப் பரு. மகளுக்கு ஒன்றுமில்லை. மாமிக்கு உதட்டோரம் கொப்புளம், அது காய்ச்சல் வந்தால் அவவுக்கு எப்போதும் வருவதுதான். எது கொரோனா, எது வழக்கமான வாய்ப்புண் என்று எப்படித்தான் பிரிப்பது?


பல்லும் சொல்லும்
30 ஓகஸ்ட், காலை 6.05

நான் இந்த மாவட்டத்தில் பல் வைத்தியராக வேலை செய்கிறேன். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்வது சரியில்லை. ஆனால் உவர்மலை மகள் எழுதியதை வாசித்தால் இது கொரோனா நாக்கு இல்லை, பூஞ்சணத் தொற்று என்றுதான் படுகிறது. துடைத்தால் வருகிறது, கீழே சிவப்பு, எரிவு. இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

கன்டிடா என்ற பூஞ்சணம் நம்மில் பலரின் வாயில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். உமிழ்நீரும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் வாயில் உள்ள மற்றக் கிருமிகளும் சேர்ந்து அதை அடக்கி வைத்திருக்கும். அம்மாவின் கதையைப் பாருங்கள். சீனி வருத்தம் முதலே இருக்கிறது. ஒட்சிசன் தேவைப்படுபவர்களுக்கு உயிர் காக்க டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்தைக் கொடுப்பார்கள், 2020இல் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வுக்குப் பிறகு உலகம் முழுவதும் அதுதான் வழக்கம். அந்த மருந்து சீனியை ஏற்றும், எதிர்ப்புச் சக்தியையும் தணிக்கும். ஒட்சிசன் மாஸ்க் வாயைக் காய வைக்கும். இதெல்லாம் போதாதென்று இப்போது அன்டிபயோட்டிக். பூஞ்சணத்தோடு இடத்துக்குப் போட்டி போடுகிற பக்டீரியாவை அது கொன்றுவிடும். அதனால்தான் நான்கு நாளில் கூடியிருக்கிறது.

ஸ்டீரொய்ட் கொடுத்தது பிழை என்று யாரும் எடுக்க வேண்டாம். அது கொடுக்காவிட்டால் அம்மா வீட்டுக்கு வந்திருப்பாரா என்பதே கேள்வி.

பாலையூற்றுத் தம்பி, சீனி வருத்தக்காரருக்கு, அதுவும் பூஞ்சணம் பிடித்த வாய்க்கு, தேன் வேண்டாம். பூஞ்சணத்துக்கு அது சாப்பாடு.

மகள், இதற்குப் பதில் சொல்லுங்கள். இன்றைய சீனி எவ்வளவு? அம்மாவுக்குக் கட்டுப்பல் இருக்கிறதா? அண்ணத்தைப் பார்த்தீர்களா? கன்னம் மரத்தல், முகம் வீங்குதல், மூக்கிலிருந்து கறுப்பாக வடிதல், பல் திடீரென்று ஆடுதல், இதில் ஏதாவது உண்டா? கடைசியாகக் கேட்டதற்கு "உண்டு" என்றால் இதைத் தொடர்ந்து வாசிக்க வேண்டாம், 1990 அம்புலன்ஸுக்கு எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த வருடம் இந்தியாவில் பரவிய கறுப்புப் பூஞ்சணம் அப்படித்தான் தொடங்கும். அண்ணத்தில் கறுத்த திட்டு வரும், அது நாட்கணக்கில் ஆளை விழுத்திவிடும். சீனி கட்டுப்பாட்டில் இல்லாமல் ஸ்டீரொய்ட் எடுத்தவர்களைத்தான் அது அதிகம் பிடித்தது.


உவர்மலை மகள்
30 ஓகஸ்ட், காலை 8.50

டொக்டர், மிக்க நன்றி. கடைசியாகக் கேட்ட நான்கும் இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன், கன்னத்தைத் தொட்டும் பார்த்தேன்.

சீனி காலையில் வெறும் வயிற்றில் 248.

கட்டுப்பல் இருக்கிறது, மேல் வரிசை முழுவதும். கழற்றச் சொன்னபோது அம்மா அழுதுவிட்டார். வாட்டில் பக்கத்துக் கட்டில்களில் தெரியாத ஆட்களாம். பல்லைக் கழற்றினால் கன்னம் ஒடுங்கிவிடும் என்று வெட்கப்பட்டு, ஆறு நாளும் இரவு பகலாகப் போட்டபடியே படுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்தும் அப்படியே. வழக்கமாக இரவில் குவளையில் போட்டுவைப்பவர் என்பதால் நானும் கவனிக்கவில்லை.

கழற்றிப் பார்த்தால், அண்ணத்தில் பல்தட்டின் விளிம்பு எங்கே முடிகிறதோ அந்தக் கோடுவரைக்கும் இரத்தச் சிவப்பு. பென்சிலால் வரைந்தது போல. அதற்கு அப்பால் சாதாரண நிறம்.


பல்லும் சொல்லும்
30 ஓகஸ்ட், மதியம் 12.40

அந்தக் கோட்டைப் பார்த்து எழுதினீர்களே, படம் இல்லாமலே விளங்கிவிட்டது. பல்தட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவே உமிழ்நீர் போகாது. அந்த இடுக்கில்தான் பூஞ்சணம் குடியிருக்கும். வாய்க்கு மட்டும் மருந்து விட்டுப் பல்லை விட்டுவிட்டால் ஒரு கிழமையில் திரும்ப வரும்.

அந்த அன்டிபயோட்டிக் பற்றி, அம்மாவைப் பார்த்த வைத்தியரிடம் இன்றே பேசுங்கள். நெஞ்சில் பக்டீரியாத் தொற்று இல்லை என்றால் அதை நிறுத்தச் சொல்லுவார். 248ஐயும் அவரிடம் சொல்லியே ஆக வேண்டும், சீனி இறங்காமல் இந்த வாய் ஆறாது. நேரில் போக முடியாவிட்டால் வீட்டுப் பராமரிப்புக்கான 1390இல் கேளுங்கள்.

பூஞ்சணத்துக்கு நிஸ்டாட்டின் சொட்டு மருந்தைத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். விழுங்கிவிடுவதற்கு முன் வாயில் எல்லா இடமும் படும்படி சில நிமிடம் வைத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது. பல்லைக் கழற்றிவிட்டுத்தான் விட வேண்டும். வெள்ளை போனதும் நிறுத்தாமல் இன்னும் இரண்டு நாள் விட வேண்டும். குளோரெக்சிடின் கொப்பளிப்பு மருந்து வீட்டில் இருந்தால் அதை நிஸ்டாட்டினோடு ஒரே நேரத்தில் பாவிக்காதீர்கள், ஒன்று மற்றதன் வேலையைக் கெடுக்கும். இன்னொரு விஷயம், இதை வாசிக்கும் எல்லோருக்கும். இரத்தம் உறையாமல் இருக்க வோர்பரின் குடிப்பவர்கள் மைக்கோனசோல் ஜெல்லை வைத்தியரைக் கேட்காமல் வாயில் பூசக் கூடாது. பூசும் மருந்துதானே என்று நினைப்பார்கள். அது உடம்புக்குள் போய் வோர்பரினின் வேகத்தைக் கூட்டி இரத்தப்போக்கை உண்டாக்கும்.

கட்டுப்பல்லை ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கழற்றி, மெல்லிய பிரஷும் சவர்க்காரமும் போட்டுத் தேயுங்கள். பற்பசை வேண்டாம், அது பிளாஸ்டிக்கைக் கீறும், கீறலுக்குள் திரும்பப் பூஞ்சணம் போய் ஒளியும். தேய்க்கும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள், கை தவறினால் உடையாது. இரவில் கட்டாயம் வெளியே. வாய் ஆறும்வரை பகலிலும் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் போட்டால் போதும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வாட்டில் பல்லைக் கழற்றச் சொல்லி யாராவது மெல்லமாக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும். மூச்சுத் திணறும் நேரத்தில் வாயைப் பற்றி யாருக்கும் நினைப்பு வராது, அது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் மனம் கேட்கவில்லை.


எண்ணும் எழுத்தும்
30 ஓகஸ்ட், மாலை 4.20

கணித ஆசிரியர் என்ற முறையில் ஒரு திருத்தம். முகநூலில் சுற்றும் அந்தப் படத்தோடு "கொரோனா வந்த நான்கு பேரில் ஒருவருக்கு வாயில் மாற்றம்" என்று போட்டிருக்கிறார்கள். அதன் மூலத்தைத் தேடிப் போனேன். 2020 ஏப்ரலில் ஸ்பெயினின் மட்ரிட் நகரத்துத் தற்காலிக ஆஸ்பத்திரியில் 666 நோயாளிகளைப் பார்த்திருக்கிறார்கள். தோலிலோ வாயிலோ ஏதோ ஒரு மாற்றம் இருந்தவர்கள் 304 பேர். வாயில் மாற்றம் இருந்தவர்கள் 78 பேர். 78ஐ 304ஆல் வகுத்தால்தான் 25.7 சதவீதம் வருகிறது. மொத்தம் 666 பேரில் பார்த்தால் 12 சதவீதம்கூட இல்லை. அந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்கு வருத்தம் வந்தவர்கள் அவர்கள். வீட்டிலேயே இருமலோடு இருந்துவிட்டுப் போனவர்களுக்கு அந்தக் கணக்கைப் பொருத்த முடியாது.

நாக்கில் சின்னப் பரு, நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம், அங்கங்கே நாக்கின் நுண்முளைகள் உதிர்ந்த திட்டு, எரிவு, வாய்ப்புண், இவைதான் அந்த 78 பேரிடம் கண்டது. சாம்பல்தீவு அக்கா சொன்ன நுனிநாக்குப் பருவும் அதில் இருக்கிறது. "கொரோனா நாக்கு" என்ற பெயரைப் பரப்பியது லண்டன் பேராசிரியர் டிம் ஸ்பெக்டர், இந்த வருடம் ஜனவரியில் டுவிட்டரில் போட்ட படங்களால்.


சாம்பல்தீவு அக்கா
30 ஓகஸ்ட், மாலை 5.10

சேர், அப்படியென்றால் கொரோனாவுக்கும் வாய்க்கும் தொடர்பில்லை என்கிறீர்களா?


எண்ணும் எழுத்தும்
30 ஓகஸ்ட், மாலை 5.25

இல்லை அக்கா. தொடர்பு இருக்கிறது. எண்ணைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கவலை. மற்றதை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.


பல்லும் சொல்லும்
30 ஓகஸ்ட், இரவு 9.15

சேருக்கு நன்றி, நானே அந்த 25 சதவீதத்தை ஓர் இடத்தில் சொல்லியிருக்கிறேன். இனி சொல்ல மாட்டேன்.

தொடர்பு நிச்சயம் உண்டு. இந்த வைரஸ் உடலணுவுக்குள் நுழைய ஏசிஇ2 என்ற கதவு வேண்டும். நாக்கின் மேல்தோலிலும் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் அந்தக் கதவு இருக்கிறது. சுரப்பிகளையும் வாயின் உட்தோலையும் வைரஸ் நேரடியாகத் தொற்றுவதை இந்த வருடம் மார்ச்சில் நேச்சர் மெடிசின் இதழில் காட்டிவிட்டார்கள். வாய் காய்வதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். பேசும்போது தெறிக்கும் எச்சிலால் இது இவ்வளவு பரவுவதற்கும் அதுதான் ஒரு காரணம்.

அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன், எப்படிப் பிரிப்பது என்று. நேர்மையாகச் சொன்னால் பல நேரம் பிரிக்க முடியாது. ருசியும் மணமும் திடீரென்று போவது கொரோனாவில் அதிகம் காண்பது, முதல் வருட ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தால் பத்தில் ஏறக்குறைய நான்கு பேருக்கு. அதைத் தாண்டி வாய்ப்புண், கொப்புளம், எரிவு எல்லாம் காய்ச்சலாலும் வரும், நித்திரை கெட்டாலும் வரும், இரும்புச் சத்தும் பி12 விற்றமினும் குறைந்தாலும் வரும். மாமியின் உதட்டோரக் கொப்புளம் ஹேர்ப்பீஸ், உடம்பில் ஏற்கெனவே உறங்கிக் கிடந்த வைரஸ் உடம்பு தளர்ந்த நேரத்தில் எழும்புவது. இடத்தைப் பாருங்கள். உதட்டின் உள்பக்கம், கன்னத்தின் உள்பக்கம் போன்ற அசையும் மெல்லிய தோலில் வந்தால் பெரும்பாலும் வழக்கமான வாய்ப்புண். பல் முரசிலும் மேலண்ணத்தின் கெட்டியான பகுதியிலும் கொத்துக் கொத்தாக வந்தால் பெரும்பாலும் ஹேர்ப்பீஸ். பெயர் எதுவாக இருந்தாலும் இரண்டும் பத்து, பதினான்கு நாளில் ஆற வேண்டும்.

ஆறாவிட்டால்? அதற்குக் கொரோனா என்று பெயர் வைக்காதீர்கள்.


கோணேசபுரி மாணவன்
31 ஓகஸ்ட், காலை 7.30

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறேன். எங்கள் எண்வகைத் தேர்வில் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று வரும். நாக்கு மூன்றாவது. எங்கள் ஆசான் முதல் வகுப்பிலேயே சொன்னது, நாக்கைப் பார்ப்பதென்றால் காலையில், பல் விளக்குவதற்கு முன், வெளிச்சத்துக்கு முகம் கொடுத்து. தேத்தண்ணி குடித்த பிறகு பார்த்தால் தேத்தண்ணியின் நிறம்தான் தெரியும். டோர்ச் அடித்துப் பார்க்கும் அக்காவுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

வாய் எரியும் ஒருவருக்குத் திரிபலா குடிநீரை ஆறவைத்துக் கொப்பளிக்கக் கொடுப்பது எங்கள் முறையில் உண்டு. இதமாக இருக்கும். ஆனால் பூஞ்சணம் பிடித்த வாயில் அது ஒன்றே போதும் என்று நான் சொல்ல மாட்டேன், அதுவும் சீனி 248இல். கராம்பு எண்ணெயை நேரடியாகப் புண்ணில் வைக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போன மாதம் ஒரு ஐயா அப்படி வைத்து, கன்னத்தின் உள்பக்கம் வெந்து வெள்ளையாகத் தோலுரிந்து வந்தார்.


மூதூர்க் கரை
1 செப்டெம்பர், இரவு 8.00

அஸ்ஸலாமு அலைக்கும். நான் பதினெட்டு வருடமாக மீன் வியாபாரம். மே மாதம் வந்து போனது. புண், வெள்ளை ஒன்றும் இல்லை. ஆனால் மணம் போனது போனதுதான். மீன்காரனுக்கு மூக்குத்தான் தராசு. இப்போது பாரையைத் தூக்கிச் செவுளைப் பிரித்துச் சிவப்புப் பார்த்து, கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, விரலால் அமத்திச் சதை மேலே வருகிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறேன். முன்பு கூடையருகில் போனாலே தெரிந்துவிடும்.

மூன்று கிழமையாகப் புதிதாக ஒன்று. வீட்டில் வெங்காயம் தாளித்தால் எனக்கு டயர் எரிகிற மணம் வருகிறது. கோப்பியும் அப்படித்தான். மனுசி சமைக்கும்போது வெளியே போய் நிற்கிறேன். அவவுக்கு அது மனவருத்தம். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. நாக்கில் ஏதும் பிழையா?


பல்லும் சொல்லும்
1 செப்டெம்பர், இரவு 9.30

வஅலைக்கும் ஸலாம் நானா. பைத்தியம் இல்லை, இது பலருக்கு வருகிறது. நாக்கில் பிழை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மூக்கைக் கையால் பொத்திக்கொள்ளுங்கள். கண்ணையும் மூடுங்கள். யாராவது ஒருவர் உங்கள் நாக்கில் உப்பு, சீனி, தேசிக்காய்ச் சாறு, பாகற்காய்ச் சாறு என்று மாற்றி மாற்றி ஒரு துளி வைக்கட்டும். இடையில் தண்ணீரால் கொப்பளியுங்கள். நான்கையும் சொல்லிவிட்டால் நாக்கு நல்லாகத்தான் இருக்கிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும் பங்கு மணம்தான், தொண்டையின் பின்பக்கத்தால் மூக்குக்கு ஏறுவது.


மூதூர்க் கரை
2 செப்டெம்பர், காலை 10.10

மகன் வைத்துப் பார்த்தான். நான்கையும் சரியாகச் சொன்னேன் டொக்டர். பாகற்காய் வைத்தபோது முகம் சுளித்ததைப் பார்த்துப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நான்கு மாதத்துக்குப் பிறகு மனதுக்குக் கொஞ்சம் ஆறுதல்.


தோகாவிலிருந்து
2 செப்டெம்பர், மதியம் 1.15

நானா, நானும் நிலாவெளிதான், இப்போது கட்டாரில். எனக்கும் போன வருடம் இதே டயர் மணம். இங்கே காது மூக்கு தொண்டை வைத்தியர் விளக்கினார். மூக்கின் உச்சியில் மண நரம்புகளைத் தாங்கி நிற்கும் அணுக்களைத்தான் வைரஸ் அடிக்கிறதாம். நரம்பு திரும்பத் தளிர்க்கும்போது தொடுப்பு மாறி விழுவதால் நல்ல மணமும் கெட்டதாகத் தெரியுமாம்.

அவர் தந்தது மணப் பயிற்சி. ஜேர்மனியில் ஹும்மல் என்ற வைத்தியர் 2009இல் செய்து காட்டியது. ரோஜா, எலுமிச்சை, கராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு. ஒவ்வொன்றையும் ஒரு பத்து, இருபது விநாடி மெல்ல முகர வேண்டும், காலையிலும் இரவிலும். முகரும்போது அந்த மணம் முன்பு எப்படி இருந்தது என்று நினைவில் கொண்டுவர வேண்டும், அதுதான் முக்கியம் என்றார். குறைந்தது 12 கிழமை. எனக்கு ஏழாவது கிழமையில் கராம்பு வந்தது. ஊரில் பன்னீர், தேசிக்காய்த் தோல், கராம்பு, யூகலிப்டஸ் எண்ணெய் எல்லாம் வீட்டில் இருப்பதுதானே.

மணம் வரும்வரை காஸ் சிலிண்டரைக் கவனமாகப் பாருங்கள். சமைத்து முடிந்ததும் பூட்டும் வேலையை ஒருவருக்கென்று கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. முரசு வருத்தத்துக்கும் கொரோனாவுக்கும் தொடர்பு பற்றி இங்கே கட்டாரில் 568 பேரை வைத்துச் செய்த ஆய்வு இந்த வருடம் வந்தது. முரசு வருத்தம் இருந்தவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 3.5 மடங்காம்.


எண்ணும் எழுத்தும்
2 செப்டெம்பர், மாலை 3.00

அந்த 568 பேரில் நிலைமை மோசமானவர்கள் 40 பேர்தான். சின்ன எண். முரசு வருத்தம்தான் அவர்களை அங்கே தள்ளியது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஆனாலும் பல் விளக்குவதில் நட்டம் ஒன்றும் இல்லை.


வயல்கரை
2 செப்டெம்பர், இரவு 10.50

தம்பலகாமத்திலிருந்து எழுதுகிறேன். இந்த இழையை முதலிலிருந்து வாசித்தேன். "ஆறாவிட்டால் கொரோனா என்று பெயர் வைக்காதீர்கள்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

அப்பாவுக்கு 58. ஜூலை நடுப்பகுதியில் கொரோனா, லேசாகத்தான். அப்போது இடது பக்கக் கன்னத்தின் உள்ளே ஒரு புண் என்றார். எல்லோரும் கொரோனாப் புண் என்றார்கள், நாங்களும் விட்டுவிட்டோம். இன்றுவரை ஆறவில்லை. வலி இல்லை என்பதால் அவரும் பெரிதாக எடுக்கவில்லை. முப்பது வருடமாக வெற்றிலை போடுகிறார், புகையிலையும் சேர்த்து. வெற்றிலையை அடக்கி வைப்பது அந்தப் பக்கம்தான்.

பயப்பட வேண்டுமா?


பல்லும் சொல்லும்
2 செப்டெம்பர், இரவு 11.05

தம்பி, நாளைக் காலையில் கூட்டிக்கொண்டு போங்கள். ஊரடங்கு என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தடை இல்லை, கிளினிக் அட்டையையோ துண்டையோ காட்டினால் விடுவார்கள். பல் பிரிவில் "ஏழு கிழமையாக ஆறாத புண், வெற்றிலை போடுபவர்" என்று முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். வாய் முகத் தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவார்கள்.

இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய்தான் முதலிடம். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு ஒன்றே போதும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இலேயே சொல்லிவிட்டது. தொடக்கத்தில் அது வலிக்காது. வலிக்காததை நல்லது என்று நினைத்துத்தான் நம் ஆட்கள் கடைசியில் வருகிறார்கள். கன்னத்தை வெளியிலிருந்து ஒரு விரல், உள்ளிருந்து ஒரு விரல் வைத்துத் தொட்டுப் பாருங்கள். ஓரம் கெட்டியாக இருக்கிறதா?

அப்பாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. கூரான பல் உரசியும் ஆறாமல் இருக்கலாம். ஆனால் பார்க்காமல் இருக்கக் கூடாது.


வயல்கரை
2 செப்டெம்பர், இரவு 11.40

தொட்டுப் பார்த்தேன். ஓரம் கெட்டி. நாளை காலை போகிறோம்.


கிண்ணியா ராத்தா
3 செப்டெம்பர், காலை 9.20

தம்பிக்கு அல்லாஹ் நல்லதையே தரட்டும். துஆ செய்கிறோம்.

பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் தங்கச்சியின் ஆறு வயது மகனுக்கு, கொரோனா வந்து ஒரு மாதம் கழித்து நாலு நாள் விடாத காய்ச்சல். நாக்கு ஸ்ட்ரோபெரிப் பழம் போலப் புள்ளி புள்ளியாகச் சிவந்தது. உதடு வெடித்தது. கண்ணும் சிவந்தது. வாய்ப்புண் என்று நினைத்துத் தயிர் கொடுத்துக்கொண்டு இருந்தோம். கொண்டுபோன அன்றே அனுமதித்தார்கள், இதயத்தையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார்கள். இப்போது ஓடி விளையாடுகிறான்.


பல்லும் சொல்லும்
3 செப்டெம்பர், மதியம் 1.00

ராத்தா எழுதியதை எல்லாத் தாய்மாரும் வாசிக்க வேண்டும். தொற்றுக்குப் பிறகு இரண்டு முதல் ஆறு கிழமைக்குள் பிள்ளைகளுக்கு வரும் உடல் முழுவதற்குமான அழற்சி அது. விடாத காய்ச்சலோடு சிவந்த நாக்கும் வெடித்த உதடும் சேர்ந்தால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.


உவர்மலை மகள்
9 செப்டெம்பர், இரவு 7.15

எல்லோருக்கும் நன்றி. அன்டிபயோட்டிக்கை அன்றைக்கே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இன்சுலின் தொடங்கி, இன்று காலை சீனி 141. நிஸ்டாட்டின் விட்டு மூன்றாம் நாளே எரிவு குறைந்தது. வெள்ளை எல்லாம் போய்விட்டது, அண்ணத்துச் சிவப்பும் மங்கிவிட்டது. ருசி இன்னும் பாதிதான்.

நேற்று முதல் முறையாகக் கேட்டுச் சாப்பிட்டார். புட்டும் கிண்ணியாத் தயிரும், சீனி போடாமல். இரவில் பல்லைத் தானாகவே கழற்றிக் குவளையில் போட்டுவிட்டுப் படுக்கிறார். குவளைக்கு மூடியாக ஒரு சின்னத் தட்டும் வைத்திருக்கிறார், நான் சொல்லவில்லை.


வயல்கரை
24 செப்டெம்பர், மாலை 6.30

பயொப்சி முடிவு வந்துவிட்டது. புற்றுநோய்தான். கழுத்தில் நெறி கட்டவில்லை, ஆரம்ப நிலை என்கிறார்கள். அடுத்த மாதம் சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அப்பா வெற்றிலைத் தட்டத்தைத் தானே கொண்டுபோய் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போட்டுவிட்டு வந்தார். இரவில் நித்திரை இல்லை அவருக்கு, வாய் பழக்கத்தில் வெறுமனே அசைகிறது. அம்மா பக்கத்தில் இருந்து ஏலக்காய் கொடுக்கிறார்.

டொக்டர், சத்திரசிகிச்சைக்கு முன் வேறு ஏதும் செய்ய வேண்டுமா?


பல்லும் சொல்லும்
24 செப்டெம்பர், இரவு 8.10

தம்பி, வாசித்ததும் சிறிது நேரம் எழுத முடியவில்லை. ஆரம்ப நிலை என்பது பெரிய விஷயம், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இருக்கிறது. சொத்தைப் பல், ஆடும் பல் இருந்தால் இப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். பின்னர் கதிர்ச் சிகிச்சை தேவைப்பட்டால், அதற்குப் பிறகு பல் பிடுங்குவது ஆபத்து, தாடை எலும்பு ஆறாது. ஏலக்காய் கொடுக்கலாம். பாக்கு மட்டும் ஒரு துண்டும் வேண்டாம். வாயை இப்போதிலிருந்தே அகலத் திறந்து பழகட்டும், சத்திரசிகிச்சைக்குப் பிறகு அது இறுகும். கொரோனா வந்த திகதியையும் சத்திரசிகிச்சைக் குழுவுக்குச் சொல்லுங்கள், மயக்க மருந்து கொடுப்பவர்கள் அதைக் கேட்பார்கள்.


மூதூர்க் கரை
25 செப்டெம்பர், காலை 5.50

தம்பி, வாப்பாவுக்காகச் சுபஹுத் தொழுகையில் துஆ கேட்டேன். பத்தியத்துக்கு மீன் வேண்டும் என்றால் சொல்லுங்கள், முள் குறைந்த விளைமீனாகப் பார்த்து அனுப்புகிறேன், காசு வேண்டாம்.

எனக்குக் கராம்பு லேசாக வருகிறது. பன்னீர் இன்னும் வரவில்லை.